அழுக்கைக் காட்டினால் போதுமா?

கோயமுத்தூரைத் தென்னாட்டு மான்செஸ்டர் என்று சொல்வது வழக்கம். பஞ்சாலைகளின் புகைபோக்கிகளைப் பார்த்து வைத்த பெயர் அது. அசல் மான்செஸ்டர் இங்கிலாந்தின் வடக்கே, லங்காஷயர் சீமையில் வளர்ந்த நகரம். அதை ஒட்டினாற்போல் சால்ஃபோர்டு என்ற ஊர். ஆலைகளிலும் கப்பல் துறையிலும் பட்டறைகளிலும் உழைத்தவர்கள் அங்கே சுவரோடு சுவர் ஒட்டிய சிறிய வரிசை வீடுகளில் குடியிருந்தார்கள்.

அப்படிப்பட்ட ஒரு தெருவைக் கதைக்களமாக வைத்து 1960-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் தேதி ஒரு டெலிவிஷன் தொடர்நாடகம் தொடங்கியது. பெயர் 'காரனேஷன் ஸ்ட்ரீட்'. முடிசூட்டுத் தெரு என்று பொருள். மகுடத்தின் பெயரைச் சுமந்த அந்தத் தெருவில் குடியிருந்தவர்களோ தபால் இலாகா ஊழியர், ஓட்டல் சமையற்கட்டில் வேலை செய்யும் தாய், ஜெபக்கூடத்தைக் காவல் காக்கும் கிழவி, மதுக்கடையில் தரை துடைக்கும் பெண். அந்தத் தொடர் அறுபத்தைந்து ஆண்டுகளைக் கடந்துவிட்டது.

இத்தகைய தொடர்களைச் 'சோப்பு நாடகம்' என்று அழைக்கிறார்கள். அமெரிக்காவில் 1930-களில் சோப்புக் கம்பெனிகள் பணம் கொடுத்து வானொலியில் பகல் நேரத் தொடர்களை நடத்தின. வீட்டு வேலை செய்யும் பெண்களுக்குக் கதை சொல்லி, நடுவே சோப்பு விற்றார்கள். அதனால் வந்த பெயர் அது. அமெரிக்கத் தொடர்களில் பெரும்பாலும் பணக்கார வீட்டுக் கூடமும் டாக்டர்களின் காதலும் இருந்தன. பிரிட்டிஷ் தொடர்களில் கரி படிந்த சுவரும், குளிர்ந்த சமையலறையும், கடன் நோட்டும் இருந்தன. ஆகவே பிரிட்டிஷ் தொடர்கள் வாழ்க்கையை உள்ளது உள்ளபடி காட்டின என்று ஒரு சாரார் புகழ்கிறார்கள். இன்னொரு சாரார், அழுக்கையும் அழுகையையும் காட்டிப் பிழைத்தன என்று இகழ்கிறார்கள்.

நாம் இரண்டு பேச்சையும் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. உள்ளது உள்ளபடி என்றால் என்ன? அழுக்குச் சுவரைக் காட்டினால் போதுமா? அந்தச் சுவர் ஏன் அழுக்காயிற்று, வெள்ளையடிக்கப் பணம் ஏன் இல்லை என்பதையும் காட்ட வேண்டாமா? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு அந்தத் தொடர்களைப் பார்ப்போம்.

இரண்டு ஷில்லிங் காணாமல் போயிற்று

'காரனேஷன் ஸ்ட்ரீட்'டை எழுதியவர் டோனி வாரன். சால்ஃபோர்டு பக்கத்துப் பையன். எழுதும்போது அவருக்கு வயது இருபத்து நான்கு. மான்செஸ்டரில் இருந்த கிரனடா டெலிவிஷன் கம்பெனி அதைத் தயாரித்தது. கம்பெனி மேலிடத்தாருக்கே நம்பிக்கை இல்லை. முதலில் பதின்மூன்று பகுதிகளுக்குத்தான் அனுமதித்தார்கள். 'டெய்லி மிர்ரர்' பத்திரிகையின் விமர்சகர், இது தொடக்கத்திலேயே தேறாத சரக்கு என்று எழுதினார். வடக்கத்தித் தொழிலாளியின் கொச்சைப் பேச்சை லண்டன்காரர்கள் யார் உட்கார்ந்து கேட்பார்கள் என்ற எண்ணம் அன்று பலருக்கும் இருந்தது. நடந்தது வேறு. ஓராண்டுக்குள் நாடெங்கும் மிக அதிகம் பேர் பார்த்த நிகழ்ச்சிகளில் அது முன்னணிக்கு வந்துவிட்டது.

ஏன் வந்தது? முதல் நாள் கதையிலேயே விடை இருக்கிறது. எல்சி டானர் என்ற தாயின் பையிலிருந்து இரண்டு ஷில்லிங் காணாமல் போகிறது. சிறையிலிருந்து வெளியே வந்து வேலை கிடைக்காமல் திரியும் மகன் எடுத்திருப்பானோ என்று சந்தேகம். வாய்ச்சண்டை. அதே தெருவில் இன்னொரு வீட்டுக் கதை வேறு. கென் பார்லோ என்ற பையன் கல்லூரியில் படிக்கிறான். சாப்பாட்டு மேஜையில் தந்தை சாப்பிடும் விதம் அவனுக்கு வெட்கமாக இருக்கிறது. பெரிய ஓட்டலில் தன் தோழியைச் சந்திக்கப் போகிறான். அதே ஓட்டலின் சமையற்கட்டில்தான் அவன் தாய் வேலை செய்கிறாள். தாய் உழைக்கும் இடத்தில் மகன் காசை இறைப்பதா என்று தந்தை கொதிக்கிறார்.

கொலை இல்லை. கொள்ளை இல்லை. இரண்டு ஷில்லிங்கும் ஒரு சாப்பாட்டு மேஜையும்தான். ஆனால் படித்த பிள்ளைக்கும் படிக்க வைத்த பெற்றோருக்கும் இடையே விழும் அந்தச் சுவரைப் பாட்டாளி வீட்டார் ஒவ்வொருவரும் அறிவார்கள். பார்த்தவர்கள், இது எங்கள் வீடு என்றார்கள். அதுவரை அவர்கள் டெலிவிஷனில் பார்த்த தொழிலாளி எப்படி இருந்தான்? பெரும்பாலும் கோமாளியாகவோ, வேலைக்காரனாகவோ, திருடனாகவோ வந்து போனான். இங்கே அவன் கதையின் நடுவில் உட்கார்ந்தான்.

இது திடீரென்று வானத்திலிருந்து விழுந்ததுமல்ல. நாட்டிங்காம் நகரத்து சைக்கிள் தொழிற்சாலையில் வேலை செய்த ஆலன் சில்லிட்டோ 1958-இல் தொழிலாளியின் வாழ்வை நாவலாக எழுதினார். அதே ஆண்டில் சால்ஃபோர்டைச் சேர்ந்த ஷீலா டெலானி என்ற இளம்பெண் எழுதிய நாடகம் லண்டனில் மேடையேறியது. சமையலறைத் தொட்டி நாடகங்கள் என்று அவற்றுக்குப் பெயர் வைத்தார்கள். பாத்திரம் கழுவும் தொட்டி வரை மேடைக்கு வந்துவிட்டது என்ற ஏளனம் அந்தப் பெயரில் இருந்தது. அந்தத் தொட்டியில் தினமும் கை நனைத்தவர்களுக்கு அதில் ஏளனத்துக்கு இடம் தெரியவில்லை.

பெண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இந்தத் தொடர்களைப் 'பெண்பிள்ளைகளின் வம்பு' என்று ஒதுக்கியவர்கள் படித்தவர்களிலும் உண்டு, தொழிற்சங்கத்திலும் உண்டு. அது தவறு. ஜெபக்கூடத்துக் கிழவி ஈனா ஷார்ப்பிள்ஸ், எல்சி டானர், தரை துடைக்கும் ஹில்டா ஆக்டன் ஆகிய இவர்கள் யாருக்கும் தலைவணங்காமல் பேசிய பெண்கள். 1984-இல் ஹில்டாவின் கணவன் ஸ்டான் ஆஸ்பத்திரியில் இறந்துபோகிறான். அவன் உடைமைகள் ஒரு பொட்டலமாக வீட்டுக்கு வருகின்றன. ஹில்டா பிரிக்கிறாள். உள்ளே அவனுடைய மூக்குக் கண்ணாடி. அவள் அழுகிறாள். அவ்வளவுதான் காட்சி. ஆயுள் முழுக்க உழைத்தவன் விட்டுச் சென்ற ஆஸ்தி ஒரு சிறு பொட்டலம் என்பதைப் பிரசங்கம் செய்யாமலே அந்தக் காட்சி சொல்லிவிட்டது. இதை வம்பு என்பவன் உழைப்பாளி வீட்டுச் சாவைப் பார்த்திராதவன்.

ஆலை எங்கே போயிற்று?

இவ்வளவும் சரி. ஆனால் ஒரு பஞ்சாலைத் தொழிலாளி கேட்கவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. அந்தத் தெருவைச் சுற்றியிருந்த ஆலைகளுக்கு என்ன நேர்ந்தது?

1959-இல் பிரிட்டிஷ் சர்க்கார் பருத்தித் தொழிலுக்கு ஒரு சட்டம் கொண்டுவந்தது. பழைய கதிர்களையும் தறிகளையும் உடைத்துப் போடுவதற்கு முதலாளிகளுக்குச் சர்க்கார் பணம் கொடுத்தது. அடுத்து வந்த இருபது ஆண்டுகளில் லங்காஷயரில் ஏறக்குறைய வாரத்துக்கு ஓர் ஆலை வீதம் மூடப்பட்டது. அதே காலத்தில், மூடாமல் மிஞ்சிய ஆலைகளின் இரவு ஷிப்டுகளில் பாகிஸ்தானிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் சென்ற தொழிலாளர்கள் நின்றார்கள். ஒரு சீமையின் வாழ்வே தலைகீழாயிற்று.

'காரனேஷன் ஸ்ட்ரீட்' இதில் எவ்வளவைக் காட்டியது? தெருவில் ஒரு மழைக்கோட்டுத் தொழிற்சாலை இருந்தது. பின்னர் 1976-இல் லண்டனிலிருந்து மைக் பால்ட்வின் என்ற முதலாளி வந்தார். பெண்கள் தையல் எந்திரத்தில் கால்சட்டை தைத்தார்கள். ஐவி டில்ஸ்லி என்ற பெண் அங்கே சங்கப் பிரதிநிதி. முதலாளியோடு மோதினாள், வேலைநிறுத்தமும் நடந்தது. இது உண்மை, இதைப் பாராட்ட வேண்டும். ஆனால் சண்டை பெரும்பாலும் பால்ட்வினின் குணத்தோடு நடந்தது. அவர் துடுக்கானவர், பெண்பித்தர், ஆனாலும் மனதுள்ளவர் என்று கதை ஓடியது. கூலி விகிதமும் பீஸ் கணக்கும் லாபமும் திரைக்குப் பின்னால் நின்றுவிட்டன.

நிறத்தின் கதையும் அப்படியே. 1963-இல் ஒரு கறுப்புத் தோழர் பஸ் கண்டக்டராக அந்தத் தொடரில் வந்தார். பயணி ஒருவருடன் கட்டணத் தகராறு. கண்டக்டரின் வேலை போயிற்று. நிறவெறியைத் தொட்ட கதை அது. அத்தோடு அவரும் போனார். ஒரு தெற்காசியக் குடும்பம் அந்தத் தெருவில் நிலையாகக் கடை வைக்க 1999 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. லங்காஷயர் ஆலைகளில் நம் துணைக்கண்டத்து மக்கள் உழைத்து, ஆலைகள் மூடி, அவர்களுடைய பிள்ளைகளுக்கும் பிள்ளைகள் பிறந்த பிறகு! சுவரின் அழுக்கை அணுஅணுவாகக் காட்டிய காமிரா, பக்கத்து வீட்டுக்காரனைப் பார்க்காமல் முப்பது நாற்பது ஆண்டுகள் திரும்பிக்கொண்டது. உள்ளது உள்ளபடி என்ற பேச்சுக்கு இது பெரிய ஓட்டை.

சிறை சென்றவர் சங்கத் தலைவராக நடித்தார்

1982-ஆம் ஆண்டு ஜனவரியில் பிரிட்டனில் வேலையில்லாதவர்கள் தொகை 30 லட்சத்தைத் தாண்டியது. தாட்சர் அம்மையாரின் ஆட்சி. அதே ஆண்டு நவம்பர் 2-ஆம் தேதி நான்காம் சானல் என்ற புதிய டெலிவிஷன் நிலையம் தொடங்கியது. முதல் இரவிலேயே 'புரூக்சைடு' என்ற தொடர் வந்தது. ஃபில் ரெட்மண்ட் என்பவர் அதை உருவாக்கினார். களம் லிவர்பூல் துறைமுக நகரம். அட்டைச் சுவர் கட்டிப் படம் பிடிக்காமல், ஒரு சந்தில் இருந்த பதின்மூன்று நிஜ வீடுகளையே வாங்கி அங்கே படமெடுத்தார்கள்.

அதில் பாபி கிராண்ட் என்ற தொழிற்சாலைச் சங்கத் தலைவராக நடித்தவர் ரிக்கி டாம்லின்சன். இந்த மனிதரின் சொந்தக் கதையை நம் கட்டடத் தொழிலாளத் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

அவர் தொழில்முறைப் பூச்சு வேலைக்காரர். 1972-இல் பிரிட்டனில் கட்டடத் தொழிலாளர்கள் நாடு தழுவிய வேலைநிறுத்தம் செய்தார்கள். வாரம் 35 மணி நேர வேலைக்கு 30 பவுன் கூலி வேண்டும், சங்கம் இல்லாமல் ரொக்கக் கூலிக்கு ஆள் பிடிக்கும் முறை ஒழிய வேண்டும் என்பவை கோரிக்கைகள். தொழிலாளர்கள் பஸ் ஏறி ஊர் ஊராகச் சென்று மறியல் செய்தார்கள். ஷ்ரூஸ்பரி வட்டாரத்தில் செப்டம்பரில் மறியல் நடந்தபோது யாரையும் கைது செய்யவில்லை. மாதங்கள் கழித்து வழக்குப் போட்டார்கள். மிரட்டச் சதி செய்ததாகக் குற்றச்சாட்டு. 1973 டிசம்பரில் டெஸ் வாரனுக்கு மூன்று ஆண்டும், டாம்லின்சனுக்கு இரண்டு ஆண்டும் சிறை. கைதி உடையை அணிய இருவரும் மறுத்தார்கள். வெளியே வந்தபின் கட்டட வேலை கிடைக்கவில்லை. பெயர் கறுப்புப் பட்டியலில் ஏறிவிட்டது. பிழைப்புக்கு மேடையில் பாடவும் சிரிக்கவைக்கவும் போனவர், 'புரூக்சைடு'க்கு வந்து சேர்ந்தார்.

2021 மார்ச் மாதம் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தண்டனைகளை ரத்துச் செய்தது. சாட்சிகள் முதலில் கைப்பட எழுதிக் கொடுத்த வாக்குமூலங்கள் அழிக்கப்பட்டதை அன்று எதிர்த்தரப்புக்குச் சொல்லவில்லை என்பது வெளிவந்தது. தீர்ப்பு வர நாற்பத்தேழு ஆண்டுகளுக்கு மேல். டெஸ் வாரன் 2004-இலேயே இறந்துவிட்டார்.

இப்படிப்பட்ட மனிதர் திரையில் நின்று ஆட்குறைப்பைப் பற்றிப் பேசியபோது அந்தப் பேச்சில் நடிப்பு எங்கே முடிந்தது, வாழ்வு எங்கே தொடங்கியது என்று பிரிக்க முடியவில்லை. அந்தத் தொடரில் வேலை என்பது பின்னணித் திரைச்சீலையாகத் தொங்கவில்லை. அதுதான் கதை. பாபியின் மகன் டேமன் சர்க்காரின் இளைஞர் பயிற்சித் திட்டத்தில் வர்ணம் பூசும் வேலை பழகுகிறான். உண்மையாக உழைக்கிறான். முடிவில் நிரந்தர வேலை கிடைக்கும் என்று நம்புகிறான். பயிற்சி முடிந்தது, வேலையும் முடிந்தது. அந்த ஆண்டுகளில் பிரிட்டனில் எத்தனையோ வீடுகளில் நடந்த கதை அது. அருகே இன்னொரு வீட்டில் காலின்ஸ் குடும்பம். நல்ல உத்தியோகத்தில் இருந்தவர் ஆட்குறைப்பில் வேலை இழந்து, பெரிய வீட்டை விற்றுவிட்டு இந்தச் சந்துக்கு வருகிறார். வேலை போனால் மேஜை உத்தியோகஸ்தனும் தொழிலாளியும் ஒரே சந்தில்தான் நிற்க வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது?

இதைப் பார்த்துக் கூச்சல் எழுந்தது. எதற்கு? பாத்திரங்கள் கெட்ட வார்த்தை பேசுகின்றனவாம்! ஒழுக்கக் காவலர்கள் கொதித்தெழுந்தார்கள். தொடரை நடத்தியவர்கள் பேச்சைக் குறைத்துக்கொள்ள நேர்ந்தது. முப்பது லட்சம் பேருக்கு வேலை இல்லை என்பது அந்த ஒழுக்கசீலர்களின் காதில் விழவில்லை. வேலை இழந்தவன் வாயிலிருந்து வந்த ஒரு சொல் மட்டும் காதைக் குடைந்துவிட்டது.

பண்டிகைச் சீட்டுப் பணம்

1985 பிப்ரவரி 19-ஆம் தேதி பி.பி.சி. 'ஈஸ்ட்எண்டர்ஸ்' என்ற தொடரைத் தொடங்கியது. கிழக்கு லண்டன் பாட்டாளிப் பேட்டைதான் களம். முதல் காட்சியிலேயே கதவை உடைத்துக்கொண்டு உள்ளே போகிறார்கள். தனியாக வாழ்ந்த ஒரு கிழவர் நாற்காலியில் குற்றுயிராகக் கிடக்கிறார். அந்தச் சதுக்கத்தில் வங்காளிக் கடைக்காரர்கள் இருந்தார்கள், துருக்கிய சைப்ரஸ்காரர் காப்பிக் கடை வைத்திருந்தார், கறுப்புக் குடும்பம் இருந்தது. 'காரனேஷன் ஸ்ட்ரீட்' பார்க்காமல் விட்டதை இந்தத் தொடர் முதல் நாளே பார்த்தது.

அதில் ஆர்தர் ஃபௌலர் என்று ஒரு பாத்திரம். நல்ல மனிதர். நெடுநாள் வேலை இல்லை. அக்கம்பக்கத்தார் கிறிஸ்துமஸ் செலவுக்காக வாராவாரம் கட்டிய பணம் அவரிடம் இருக்கிறது. நம் ஊர் தீபாவளிச் சீட்டைப் போன்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1986-இல் மகளுக்குக் கல்யாணம். கையில் காசில்லை. ஆர்தர் அந்தச் சீட்டுப் பணத்தில் கை வைத்துவிடுகிறார். வீட்டில் கொள்ளை போனதாக ஜோடிக்கப் பார்க்கிறார். உண்மை வெளிப்படுகிறது. அவமானத்தில் புத்தி பேதலிக்கிறது. சிறைக்கும் போகிறார்.

இந்தக் கதையில் வில்லன் யார்? ஆர்தரா? அயலாரின் சேமிப்பைத் தொட்டவர் அவர்தான். அதை யாரும் மன்னிக்கவில்லை, மன்னிக்கவும் கூடாது. ஆனால் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த மனிதரிடம் வேலை இருந்திருந்தால் அந்தப் பணம் பத்திரமாக இருந்திருக்கும். வேலையின்மை ஒரு நேர்மையான மனிதனை உள்ளேயிருந்து எப்படி அரிக்கிறது என்பதை மாதக்கணக்கில், மெல்ல மெல்லக் காட்டினார்கள். ஒரு சினிமாவால் இரண்டு மணி நேரத்தில் இதைச் செய்ய முடியாது. வாரம் இருமுறை வீட்டுக்குள் வரும் தொடரால் முடியும். அதுதான் இந்தக் கலையின் தனிப் பலம்.

அந்த ஆண்டின் கிறிஸ்துமஸ் நாளில் ஒளிபரப்பான கதையை, மறு ஒளிபரப்பையும் சேர்த்து, 3 கோடிப் பேருக்கு மேல் பார்த்தார்கள். நாட்டு மக்களில் பாதிக்கும் அதிகம். ஆனால் அந்தக் கூட்டத்தை இழுத்த காட்சி எது? மதுக்கடைக்காரர் டென் தன் மனைவி ஆஞ்சியின் கையில் விவாகரத்துக் காகிதத்தைக் கொடுத்த காட்சி. இதைக் கணக்குப் பார்ப்பவர்கள் கவனித்தார்கள். பாடமும் கற்றுக்கொண்டார்கள்.

வானத்திலிருந்து விழுந்த விமானம்

கற்ற பாடம் என்ன? வேலையில்லாத ஆர்தரின் கதையை எழுத மாதங்கள் வேண்டும். ஒரு வெடிவிபத்துக்கு ஓர் இரவு போதும்.

1972-இல் யார்க்ஷயர் டெலிவிஷன் 'எம்மர்டேல் ஃபார்ம்' என்ற கிராமத்துத் தொடரைத் தொடங்கியது. பண்ணை நடத்திய சக்டன் குடும்பம்தான் கதையின் மையம். அன்று இங்கிலாந்தின் விவசாயத் தொழிலாளிகளில் பலர் பண்ணையார் கொடுத்த வீட்டில் குடியிருந்தார்கள். வேலை போனால் வீடும் போகும். 1976-இல் சட்டம் வந்த பிறகே அவர்களுக்குப் பாதுகாப்புக் கிடைத்தது. கிராமத்தை உள்ளது உள்ளபடி காட்டுவதென்றால் இதைவிடப் பெரிய கதை உண்டா? ஆனால் மாடும் மலையும் திரையை நிரப்பின. மாட்டைக் கட்டியவனின் வீட்டுக் கவலை ஓரத்தில் நின்றது.

1989-இல் தொடரின் பெயரிலிருந்து பண்ணை என்ற சொல்லையே எடுத்துவிட்டார்கள். 1993 டிசம்பர் 30-ஆம் தேதி அந்தக் கிராமத்தின் மீது ஒரு விமானத்தை விழவைத்தார்கள்! லாக்கர்பி என்ற ஸ்காட்லாந்து ஊரின் மீது நிஜ விமானம் விழுந்து 270 பேர் இறந்த துயரத்துக்கு ஐந்து ஆண்டு நிறைந்த சமயம் அது. பலர் மனம் நொந்து கண்டித்தார்கள். ஆனால் பார்ப்பவர் தொகை ஏறியது. ஆகவே அது வெற்றி என்று கணக்கு எழுதப்பட்டது.

'புரூக்சைடு' என்ன ஆயிற்று? பாபி கிராண்ட் 1988-இல் போய்விட்டார். பிறகு வந்த ஆண்டுகளில் முற்றத்துக் கல்லின் கீழ் பிணம், மர்மக் காய்ச்சல், வெடிவிபத்து என்று கதை தாவியது. ஒன்றைச் சொல்லவேண்டும். அந்தப் பிணத்தின் கதையில் உண்மை இருந்தது. மனைவியையும் மகளையும் வதைத்த ஜோர்டாஷ் என்ற கொடியவன், தாங்க முடியாமல் போன அந்தப் பெண்களின் கையால் 1993-இல் சாகிறான். வீட்டுக்குள் அடிபடும் பெண்களின் வாதத்தை அந்தக் கதை நாடறியப் பேசவைத்தது. அதேபோல் 'ஈஸ்ட்எண்டர்ஸ்' தொடரில் 1991-இல் மார்க் ஃபௌலருக்கு எச்.ஐ.வி. கிருமி இருப்பது தெரியவந்தது. அவனைச் சாகடித்து அனுப்பிவிடாமல் ஆண்டுக்கணக்கில் வேலை செய்து வாழும் மனிதனாக வைத்திருந்தார்கள். பீதியும் அருவருப்பும் பரவியிருந்த காலத்தில் அது நல்ல தொண்டு. காரணமும் விளைவும் சேர்ந்து வரும் இடத்தில், படுக்கையறைக் கதையும் நோய்க் கதையும்கூட உண்மைக் கதையாகிவிடும் என்பதற்கு இவை சாட்சி.

ஆனால் பொதுப் போக்கு வேறு திசையில் போயிற்று. 'காரனேஷன் ஸ்ட்ரீட்' 1989 வரை வாரம் இருமுறை வந்தது. பிறகு மூன்று, நான்கு, ஐந்து என்று ஏறி 2017-இல் ஆறாயிற்று. 1990-இல் வந்த ஒளிபரப்புச் சட்டப்படி டெலிவிஷன் உரிமங்கள் ஏலத்துக்கு விடப்பட்டன. ஏலத்தில் கொடுத்த பணத்தை விளம்பரத்தில் எடுக்க வேண்டும். விளம்பரம் வேண்டுமென்றால் ஆள்தொகை வேண்டும். ஆள்தொகைக்கு வாராவாரம் ஒரு பேரிடி வேண்டும். ஒரே தெருவில் கொலை, தீ, கடத்தல்! 2010 டிசம்பரில், ஐம்பதாம் ஆண்டு விழாவென்று, டிராம் வண்டியே பாலத்திலிருந்து தெருவில் வந்து விழுந்தது.

தொடர் தயாரிப்பும் ஒரு தொழிற்சாலைதான் என்பதை மறந்துவிடக் கூடாது. எந்திரத்தை வேகமாக ஓட்டினால் நூல் அறும். கதைக்கும் அதே கதிதான். மெல்ல நடக்கும் உண்மைகளான கடன், கூலி, வாடகை, ஓய்வூதியம் ஆகியவற்றைச் சொல்ல அந்த வேகத்தில் நேரம் இல்லை.

துன்பத்துக்குப் பஞ்சமில்லை. முன்பைவிட அதிகம் அழுகிறார்கள், அதிகம் சாகிறார்கள். ஆனால் துன்பம் இப்போது ஒரு கெட்டவனிடமிருந்தோ வானத்திலிருந்தோ வருகிறது. கெட்டவன் செத்தால் தீர்ந்தது. எரிகிறதைப் பிடுங்கினால் கொதிக்கிறது அடங்கும் என்பார்கள் நம் பெரியவர்கள். அடுப்பையே காட்டாமல் கொதிக்கும் பானையை மட்டும் காட்டினால் பார்ப்பவன் எதைப் பிடுங்குவான்?

அடுப்பைக் காட்ட முடியும் என்பதற்கு அந்த நாட்டு டெலிவிஷனிலேயே முன்னுதாரணம் உண்டு. 1966 நவம்பரில் பி.பி.சி. 'கேத்தி கம் ஹோம்' என்ற தனி நாடகத்தை ஒளிபரப்பியது. ஜெரமி சாண்ட்ஃபோர்டு எழுதியது, கென் லோச் இயக்கியது. லாரி ஓட்டும் கணவனுக்கு வேலையில் காயம். கூலி நிற்கிறது. வீடு போகிறது. முடிவில் அதிகாரிகள் குழந்தைகளைத் தாயிடமிருந்து பிடுங்கிச் செல்கிறார்கள். ஒரு கொலைகாரன்கூடக் கதையில் இல்லை. 1 கோடியே 20 லட்சம் பேர் பார்த்தார்கள். நாடே வெட்கியது. ஆனாலும் வீடற்றவர்களுக்கு வீடு தரும் கடமையை ஊராட்சிகள் மீது சுமத்தும் சட்டம் 1977-இல்தான் வந்தது. நாடகம் கண்ணைத் திறக்கும். சட்டம் வர, திறந்த கண்ணோடு பலர் பல ஆண்டு நடக்க வேண்டும்.

செங்கல்லின் கதை

இனி ஒரு சிறிய சங்கதி. டோனி வாரனின் தெருவுக்கு மாதிரியாக இருந்தது சால்ஃபோர்டில் இருந்த ஆர்ச்சி ஸ்ட்ரீட் என்ற நிஜத் தெரு. 1970-களின் தொடக்கத்தில், பழைய குடியிருப்புகளை அகற்றும் வேலையில் அந்தப் பேட்டை இடிபட்டது. அங்கிருந்த குடும்பங்கள் சிதறின. 1982-இல் கிரனடா கம்பெனி தன் தொடருக்காக ஒரு புதிய பொய்த் தெருவைக் கட்டியது. நிஜம்போல் தெரிய வேண்டும் அல்லவா? ஆகவே சால்ஃபோர்டில் இடித்த பழைய வீடுகளின் செங்கல்லையும் ஓட்டையும் கொண்டுவந்து கட்டினார்கள். அந்த ஆண்டு மே மாதம் இரண்டாம் எலிசபெத் மகாராணியே வந்து திறந்துவைத்தார்.

நிஜத் தெருவில் மனிதர்கள் குடியிருந்தபோது எந்த ராணி வந்து கூரை ஒழுகுகிறதா என்று பார்த்தார்? மனிதர்கள் போனபின், செங்கல் மட்டும் மிஞ்சி, அதைக் கலையாக அடுக்கியபோது வரவேற்பு வளைவு போட்டுக்கொண்டார்கள்.

உண்மைக் கலைக்கும் பொய்க் கலைக்கும் உள்ள வித்தியாசம் முழுவதும் இந்தச் செங்கல்லில் அடங்கியிருக்கிறது. செங்கல் நிஜம்தான், அழுக்கும் நிஜம்தான். அதை வைத்தவன் கை எங்கே, அதை இடித்தவன் யார், அங்கிருந்தவர்கள் எங்கே போனார்கள் என்பது இல்லாவிட்டால் அது வெறும் அட்டைச் சுவரைவிட உயர்ந்ததல்ல.

நம்மிடம் மூன்று கேள்விகள்

அந்தத் தொடர்களைப் பார்த்த பிரிட்டிஷ் தொழிலாளர்களை நாம் கேலி செய்யவில்லை. பத்து மணி நேரம் எந்திரத்தோடு நின்று வந்தவன் தன் தெருவைத் திரையில் பார்க்க ஆசைப்பட்டதில் குற்றம் என்ன? தன்னைப் போன்றவர்களின் பேச்சுக்கும் அழுகைக்கும் மதிப்பு உண்டு என்று அவன் உணர்ந்தானே, அது சிறிய லாபமல்ல. அந்த மதிப்பை வென்று கொடுத்த எழுத்தாளர்களுக்கும் நடிகர்களுக்கும் நம் வணக்கம் உரியது. அந்த நடிகர்களும் கூலிக்கு உழைத்தவர்களே. 1961 நவம்பரில் நடிகர் சங்கம் வேலைநிறுத்தம் தொடங்கியபோது, நீண்ட ஒப்பந்தத்தில் இருந்த சிலரைத் தவிர மற்றவர்கள் யாரும் 'காரனேஷன் ஸ்ட்ரீட்'டில் மாதக்கணக்கில் தலைகாட்டவில்லை.

மதிப்போடு உண்மையும் வேண்டும் என்பதே நம் வாதம். இன்று உலகெங்கும் உழைப்பாளி வீடுகளில் மாலையானால் ஏதோ ஒரு தொடர் ஓடுகிறது. ஓடட்டும். பார்க்கும்போது மூன்று கேள்விகளை மட்டும் கையோடு வைத்துக்கொள்வோம். இந்த மனிதர்கள் எதைச் செய்து பிழைக்கிறார்கள்? வருகிற கூலி எப்படிச் செலவாகிறது? இவர்களுக்கு வந்த துன்பம் எங்கிருந்து வந்தது?

1960-இல் காணாமல் போன இரண்டு ஷில்லிங்குக்கு மூன்று கேள்விக்கும் விடை இருந்தது. ஆர்தரின் சீட்டுப் பணத்துக்கு இருந்தது. டேமனின் வர்ணத் தூரிகைக்கு இருந்தது. வானத்திலிருந்து விழுந்த விமானத்துக்கு இல்லை.

விடை சொல்லும் கதையை மனதில் வைத்துக்கொள்வோம், பக்கத்து வீட்டாரோடு பேசுவோம். விடை சொல்லாத கதை எவ்வளவு அழுதாலும், எவ்வளவு அழுக்கைப் பூசிக்கொண்டு வந்தாலும், சோப்பு விற்க வந்த கதை என்று தெரிந்துகொண்டு பார்ப்போம்.